தண்ணீர் சிவப்பதற்குள்

அவர் வீட்டில் குடம் கிடையாது. தவலை கிடையாது, அண்டா கிடையாது, குடிக்கிற தண்ணீரை ஊற்றி வைக்க ஒரு மண்பானைகூடக் கிடையாது. கிணறு இருந்தது. ஒரு பித்தளை வாளியும் நாலைந்து தம்ளர்களும் இருந்தன. செம்பூரில் நாங்கள் குடிபோன வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் வேலி. குடிபோன அன்றைக்குச் சாமான்களை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

“ஜலம் வேணுமா?”

எந்த ஊர், யாராத்துப் பெண் என்று ஒரு கேள்வி இல்லை. “வேணும் மாமா” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கிணற்றுக் கப்பி கடகடவென்று ஓடியது. நாற்பது வயதிருக்கும் அந்த மனுஷர் தம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து வேலிக்கு மேலே நீட்டினார். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. வாயில் வைத்தால் இரும்புக் கரண்டியை நக்கின ருசி. மெதுவாகக் கீழே வைக்கப் போனேன்.

“வெக்காதே, வெக்காதே! குடிச்சுடு கொழந்தே, ஆறிடும்.”

பச்சைத் தண்ணீர் எங்கேயாவது ஆறுமா? கல்யாணமாகி வந்த புதுசு, எதிர்த்துக் கேட்கத் தைரியம் இல்லை. மூக்கைப் பிடிக்காத குறையாகக் குடித்து வைத்தேன். அவர் தம்ளரைத் திருப்பி வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, மிச்சமில்லை என்று நிச்சயமான பிறகுதான் சிரித்தார். நல்ல மனுஷர், ஆனால் ஒரு மறை கழன்றிருக்கிறது என்று நான் தீர்மானம் பண்ணிவிட்டேன்.

விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. அந்தத் தண்ணீரை நிற்க விட்டால் சிவந்துவிடும். இறைத்த கையோடு பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் வைத்தால் மஞ்சளிக்கும், இன்னும் கொஞ்சம் வைத்தால் மேலே எண்ணெய் படர்ந்த மாதிரி ஒரு ஏடு, அடியில் செங்கல் பொடி மாதிரி வண்டல். கிணற்றடிக் கல், துவைக்கிற கல், வாய்க்கால், எல்லாம் துரு நிறம். அதை ஒருவரும் பார்க்கக் கூடாது என்பதுதான் அவர் வாழ்க்கையே. அரிசி களைய ஒரு வாளி, களைந்ததும் உலை வைக்க இன்னொரு வாளி, கை அலம்ப வேறு ஒரு வாளி. மிஞ்சினால் உடனே வாழைக்கு ஊற்றிவிடுவார். விருந்தாளி கதவைத் தட்டினால் கதவைத் திறப்பதற்கு முன்னால் கிணற்றுக்குப் போவார். நான் அந்த வீட்டுக்கு அடுத்தாற்போல் இருந்த காலம் முழுவதும் ஒரே ஒரு தடவை தவிர அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேச்செல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான். வாளி இறங்கும்போது பாதி வாக்கியம், ஏறும்போது பாதி வாக்கியம்.

யுத்த காலம் அது. செம்பூரை அப்போது பம்பாய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பம்பாயில் வேலை பார்க்கிறவர்கள் வந்து தூங்குகிற இடம், அவ்வளவுதான். காலையில் ஆண்கள் எல்லாரும் ரயிலேறிப் போய்விட்டால் தெருவில் ஈ காக்கை இருக்காது. பால்கார பையா வந்து போவான், அதோடு சரி. இவர், அதாவது என் வீட்டுக்காரர், ஃபோர்ட்டில் ஆபீஸுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது விளக்கு வைத்துவிடும். வந்ததும் பேப்பர், சாப்பாடு, படுக்கை. பகல் பூராவும் நான் அடுப்போடும் சுவரோடும் பேசிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கப்பிச் சத்தம் கேட்டால் பக்கத்தில் ஒரு மனுஷ ஜீவன் இருக்கிறது என்று எனக்கு உயிர் வரும்.

அவருடைய வேஷ்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது. வெள்ளை வேஷ்டிதான் வாங்குவார். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் நாலு தடவை துவைத்தால் மஞ்சள், பத்துத் தடவை துவைத்தால் அசல் காவி. தோபியிடம் போடுங்களேன் என்றால், “கிணறு இருக்கறப்போ தோபி என்னத்துக்கு?” என்பார். புதுத் துணிக்கு அப்போது கட்டுப்பாடு வேறு, நினைத்தால் வாங்க முடியாது. அந்தக் காவியைக் கட்டிக்கொண்டு, மேலே கறுப்புக் கோட்டு, கையில் குடையோடு ஸ்டேஷனுக்குப் போவார். தெருவில் அவருக்குச் சாமியார் என்றே பெயர். எங்கள் வீட்டில் இவருக்குக் கடிகாரம் பார்க்கிற வேலையே இல்லை. “சாமியார் கிளம்பியாச்சு, செருப்பை எடு” என்பார்.

ஒரு நாள் சாயங்காலம் வேலியோரம் வந்து தானாகவே சிரித்துக்கொண்டிருந்தார்.

“குர்லாவிலே வண்டி மாறறேன், கேட்டயோ, ஒரு வடக்கத்திப் பொம்மனாட்டி திடீர்னு என் கால்லே விழுந்துட்டா. மஹராஜ், மஹராஜ்னு அழறா. நான் சாமியார் இல்லேம்மா, ரயில்வே குமாஸ்தான்னு எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியிலே சொன்னேன். விடமாட்டேங்கறா.”

“அப்புறம் என்ன பண்ணினேள்?”

“ஆசீர்வாதம் பண்ணினேன். பின்னே?”

“என்னன்னு?”

வாளியை உள்ளே விட்டார். கயிறு முழுவதும் ஓடி முடிந்தது.

“ஆம்படையானோட சேர்ந்து இருன்னு.”

அவர் மனைவி பாலக்காட்டுப் பக்கத்தில் பிறந்த வீட்டில் இருந்தாள். நாங்கள் வருவதற்கு முன்னால் வந்து இருந்துவிட்டுப் போனவள், திரும்பவில்லை. ஏன் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான், “அந்தத் தண்ணியிலே யார் இருப்பா?” அவரைக் கேட்டாலும் அதே பதில். “அவளுக்கு ஜலம் பிடிக்கல்லே.” சொல்லிவிட்டுக் கயிற்றை உதறுவார்.

அந்தக் கிணறே அவளுக்காக வெட்டியது என்பதைத் துண்டு துண்டாக, பல ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னார். கல்யாணமாகிப் பல வருஷம் அவர் மாட்டுங்காவில் ஒரே அறையில் ஆபீஸ்காரர்கள் சிலரோடு தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெண்ணை அனுப்புங்கள் என்று கேட்டால் மாமனார் ஒரே பிடியாக நின்றார். அவருடைய மடி ஆசாரம் அப்படி. குழாய்க்குள்ளே தோல் வாஷர் இருக்கிறது, தோல் பட்ட ஜலத்தில் என் பெண் சமைக்கமாட்டாள், கிணறு உள்ள வீடாகப் பார்த்துவிட்டு எழுதுங்கள், கொண்டுவந்து விடுகிறேன் என்றார். இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் ஜனங்களில் அப்போது பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். நாங்களெல்லாம் பம்பாயில் கால் வைத்த அன்றைக்கே அந்த மடியை உதறிவிட்டுக் குழாயடிக்கு ஓடினவர்கள், அது வேறு விஷயம்.

மாட்டுங்காவில் கிணற்றுக்கு எங்கே போவது? கொசு பெருகுகிறது என்று இருந்த கிணறுகளையும் மூடிக்கொண்டிருந்தார்கள். மனுஷர் செம்பூரில் காடு மாதிரி கிடந்த ஒரு துண்டு நிலத்தை வாங்கி, வீடு கட்டுவதற்கு முன்னாலேயே கிணற்றை வெட்டினார். மேலே முரம் என்று இங்கே சொல்கிற சிவந்த சரளை மண், கீழே கருங்கல். வெடி வைத்துப் பாறையை உடைத்துத் தண்ணீர் கண்ட அன்றைக்கு முதல் கை தண்ணீரை அவர்தான் குடித்தாராம். “தேன் கொழந்தே, தேன்!” என்பார். அந்தச் சந்தோஷத்தில் அதை ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. உடனே மாமனாருக்குத் தந்தி கொடுத்துவிட்டார்.

“குழாய் ஜலம் ரெண்டு குடம் பிடிச்சு வெச்சுக்கக் கூடாதோ மாமா?” என்று ஒரு தடவை கேட்டேன். தெருமுனைக் குழாயில் காலையில் நல்ல தண்ணீர் வரும். நாங்கள் எல்லாரும் அதைத்தான் பிடித்தோம்.

“குழாய் ஜலத்தை ஆத்துக்குள்ளே கொண்டுவந்தா கிணறு என்னத்துக்கு? கிணறு இல்லேன்னா அவ என்னத்துக்கு வருவா?”



எங்கள் ஊர்ப் பக்கம் கிணற்றின் அடியில் நெல்லிப் பலகை போடுவார்கள். தண்ணீர் தெளியும், இனிக்கும் என்று நம்பிக்கை. ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனார். மாமியை அழைத்துக்கொண்டு வரப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் வீட்டு வாசலைக்கூடப் பெருக்கிக் கோலம் போட்டு வைத்தேன். குதிரை பூட்டின டோங்கா வந்து நின்றது. அவர் இறங்கினார். பின்னால் பாயில் சுற்றிக் கட்டின பெரிய பலகை இறங்கியது.

“மாமி வரல்லையா?”

“இதைப் போட்டு ஜலம் சரியாகட்டும். அப்புறம் கூப்பிட்டுக்கறேன்.”

“மாமி என்ன சொன்னா?”

“என்ன சொல்லறது? நான் எங்கே ஆத்திலே இருந்தேன்? வயசான நெல்லி மரமா வேணும், அதுக்கு ஊர் ஊரா அலைஞ்சேன்.”

எனக்கு மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆட்களை வைத்துக் கிணற்றை இறைத்து, பலகையை அடியில் இறக்கி, மேலே கல் வைத்து அழுத்தினார்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் வழக்கம்போல் கப்பி ஓடியது, நடுவில் நின்றுவிட்டது. வேலியோரம் போய்ப் பார்த்தேன். வாளியைப் பிடித்துக்கொண்டு சிலையாக நிற்கிறார். வாளியில் தண்ணீர் நீலமும் கறுப்புமாக இருந்தது. பால்கார பையா எட்டிப் பார்த்துவிட்டு, “பாபுஜி, யஹ் தோ ஸ்யாஹி ஹை!” என்று கத்தினான். மையேதான். தொட்டு எழுதலாம் போல அப்படி ஒரு மை.

தெருவே சிரித்தது. “சாமியாரே, பேனாவுக்குக் கொஞ்சம் ஊத்துங்கோ” என்று ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் மை பாட்டிலை ஆட்டிக் காட்டினார்கள். அவர் ஒருவரையும் கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடி ஆள் வைத்து, பலகையை வெளியில் எடுத்து, கிணற்றைச் சுத்தமாக இறைத்தார். அந்தப் பலகை ரொம்ப நாள் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. நான் மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. சமையலறையில் உட்கார்ந்து அழுதேன், ஏன் என்று இவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் தம்பி பரேலில் ஒரு சாயக் கம்பெனியில் லாபரட்டரியில் வேலையாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவான். இந்த மைக் கதையைச் சொன்னதும் அவனுக்குக் கண் விரிந்தது. ஒரு சோடா பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துத் தக்கை போட்டு எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் வந்ததும் நேரே வேலிக்குப் போய்விட்டான்.

“மாமா, இது இரும்பு. வெளியிலேர்ந்து யாரும் போட்டதில்லே. பாறையிலேயும் மண்ணிலேயும் இருக்கறது, ஜலம் ஊறி வரும்போது கரைஞ்சுண்டு வரது. நெல்லியோட துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா மைதான் ஆகும்.”

“எடுத்ததும் நன்னாத்தானே இருக்கு?”

“காத்து படற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. காத்து பட்டா சேப்பாப் பிரிஞ்சு வந்துடும்.”

“அதான் நான் காத்து படறதுக்கு முன்னாலே குடிச்சுடறேன்.”

தம்பி சிரித்துவிட்டான். “ஐயோ மாமா, அப்படிப் பண்ணினா இரும்பை இல்லையோ சேர்த்துக் குடிக்கறேள்! செவக்க விடுங்கோ. மேலேர்ந்து தொட்டியிலே கொட்டி நன்னாக் காத்து பட விடுங்கோ. ஒரு நாள் நிக்கட்டும். சேப்பு எல்லாம் அடியிலே தங்கிடும். தெளிவை எடுத்து மணல்லே வடிகட்டினா அப்புறம் எத்தனை நாள் வெச்சாலும் செவக்காது.”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. இத்தனை வருஷமாக ராப்பகலாக எதை மறைத்தாரோ அதை நடு முற்றத்தில் திறந்து வைக்கச் சொல்கிறான் நேற்றுப் பையன்.

“நிக்க விட்டா எல்லாரும் பாப்பா” என்றார். அதற்கப்புறம் வெகு நாள் வேலிப் பக்கமே வரவில்லை. தீபாவளிக்கு நான் கொடுத்த பட்சணத்தைக்கூட வாசலில் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தம்பியை நான் கன்னாபின்னாவென்று திட்டினேன். பாவம், அவன் என்ன பண்ணுவான்?

குளிர் காலத்தில் ஒரு நாள் கொத்தனார் வந்தான். முற்றத்தில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இரண்டு சிமெண்டுத் தொட்டிகள் எழும்பின. கழிமுகத்து மணலைக் கொண்டுவந்து, அலசி அலசி உப்புப் போக்கி, கரியோடு அடுக்கினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளி வாளியாக இறைத்து, ஸ்டூல் மேல் ஏறி நின்று மேல் தொட்டியில் கொட்டினார். பத்து மணிக்குத் தண்ணீர் மஞ்சள். மத்தியானம் செக்கச் செவேல். போகிறவர் வருகிறவர் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவையும் பார்க்காமல், சுவரைப் பார்த்து நின்றார்.

ரெண்டு நாள் கழித்து வேலியோரம் தம்ளரோடு ஓடி வந்தார்.

“பார்! நேத்திக்கு எடுத்தது. நேத்திக்கு எடுத்தது கொழந்தே, பார்!”

பளிங்கு மாதிரியே இருந்தது. வாங்கிக் குடித்தேன். “ஒரு ருசியும் தெரியல்லையே மாமா.”

“ஒண்ணும் தெரியல்லையா?”

“ஒண்ணுமே தெரியல்லை.”

“ஒண்ணுமே தெரியல்லையா!” அந்த மனுஷர் கண்ணில் தண்ணீர் தளும்பியது. அன்றைக்கே பஜாருக்குப் போய் ஒரு மண்பானை வாங்கி வந்தார். மாமிக்குக் கடிதமும் போட்டார்.

சரி, இனிமேலாவது மனுஷர் உட்காருவார் என்று நான் நினைத்தேன். எங்கே? தண்ணீர் நிற்க ஆரம்பித்தது, அவர் நிற்கவில்லை. தொட்டியைக் கழுவ வேண்டும், வண்டலை வழிக்க வேண்டும், மணலை மாற்ற வேண்டும், வடிகிற தண்ணீரைத் தம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்னைக்கு ஓட்டம் ஜாஸ்தியாகிவிட்டது.

மாமி தன் அண்ணாவோடு வந்து இறங்கினாள். தண்ணீர் சரியில்லை என்று புருஷனை விட்டுப் போனவள் என்றால் மூக்கைச் சுளிக்கிற ராங்கிக்காரியாக இருப்பாள் என்று எனக்குள் ஒரு எண்ணம். வந்தவள் கட்டை குட்டையாக, சிரித்த முகமாக, பல் ஒன்று கொஞ்சம் தூக்கலாக, முதல் பார்வையிலேயே பிடித்துப்போகிற மாதிரி இருந்தாள். வந்த அரை மணியில் என்னை வேலியோரம் கூப்பிட்டு, பூர்விகம் எல்லாம் விசாரித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பலாப்பழச் சக்கைவரட்டியில் ஒரு கரண்டி என் கையில் வைத்துவிட்டாள்.

மறுநாள் அண்ணா மாட்டுங்காவில் உறவுக்காரர்களைப் பார்க்கப் போய்விட்டார். இவள் தனியாக இருப்பாளே என்று நான் உறைகுத்தின தயிரோடு போனேன். மாமா லீவு போட்டிருந்தார், முற்றத்தில் மணல் அலசிக்கொண்டிருந்தார். மாமி சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பானையிலிருந்து தண்ணீர் எடுத்து மடக்கு மடக்கென்று குடித்தாள்.

“ஜலம் இப்ப நன்னாயிருக்கா மாமி?”

“நன்னாயிருக்கு. முன்னேயும் நன்னாத்தானே இருந்தது.”

நான் விழித்தேன்.

“எங்காத்துக் கிணறும் இப்படியாக்கும். செம்மண் இறுகின வெட்டுக்கல் பூமியோல்லியோ, கோடை வந்தா சேப்பாத்தான் வரும். தவலையிலே நிக்க வெச்சுத் தெளிச்சுக் குடிப்போம். நான் குடிச்சு வளர்ந்த ஜலம்டி அது.”

“இதை மாமா கிட்டே சொல்லல்லையா?”

“சொன்னேனே. நீ எனக்காகப் பொறுத்துண்டு சொல்லறேன்னார். வாளியை எடுத்துண்டு போயிட்டார்.”

“பின்னே ஏன் மாமி போனேள்?”

அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள். அவர் குனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“இவர் உட்கார்ந்து நீ பாத்திருக்கயோ?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“கார்த்தாலே எழுந்தா கிணறு. ஆபீஸ் விட்டு வந்தா கிணறு. சாதம் போட்டுண்டு நிப்பேன், பாதியிலே கையை உதறிண்டு எழுந்துடுவார், உனக்குப் புது ஜலம் கொண்டு வரேன்னு. ஏதாவது பேசலாம்னு வாயைத் திறந்தா, ஜலம் வேணுமாம்பார். எனக்கு இந்த ஊர்லே வேற யாரைத் தெரியும்? மழைக்காலம் பூரா இந்தச் சுவர்களோட பேசிண்டிருந்தேன். ஒரு நாள் சுவர் பதில் சொல்லற மாதிரி இருந்தது. பயந்து போயிட்டேன். ஊருக்குப் போறேன்னேன்.”

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுச் சுவர்கள் எனக்குத் தெரியாதா?

“மாமா கிட்டே இதைச் சொல்லியிருக்கலாமே மாமி.”

“என்னன்னு? என் பக்கத்திலே செத்த உட்காருங்கோன்னா? அதைப் போய்க் கேட்டு வாங்கிக்கறதா கொழந்தே?” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “ஜலம் சரியாயிடுத்து, வான்னு எழுதினார். சரி, இனிமே வேலை இல்லையே, உட்காருவார்னு வந்தேன்.”

எனக்கு வந்த ஆவேசத்தில் நேரே முற்றத்துக்குப் போய்விட்டேன். “மாமா, மணல் எங்கேயும் போகாது. கையை அலம்பிண்டு உள்ளே வாங்கோ. மாமி பக்கத்திலே கொஞ்ச நேரம் உட்காருங்கோ” என்றேன். என்னிடமிருந்து இப்படி ஒரு அதட்டலை அவர் எதிர்பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கூடத்தில் மாமி ஒரு பாயை விரித்தாள். பாயின் ஓரத்தில், பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி, விறைப்பாக உட்கார்ந்தார். மாமி புடவைத் தலைப்பைச் சரிபண்ணிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். சமையலறை வாசற்படியில் கால் நின்றுவிட்டது.

அவர் சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காவி ஏறின நகங்கள்.

“ஆபீஸிலே வேலை ஜாஸ்தியோ?” என்றாள் மாமி.

“ஆமாம்.”

“உடம்பு இளைச்சுப் போயிருக்கே.”

“அதெல்லாம் இல்லை.”

அவள் காத்திருந்தாள். தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். மனுஷர் வாயைத் திறந்தார், மூடினார். நெற்றி வேர்த்துவிட்டது. ஏதாவது பேசுங்கோ மாமா, எதையாவது பேசுங்கோ, என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. அந்தக் குர்லா ஸ்டேஷன் கதையையாவது சொல்லக்கூடாதா? வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளிடம் வருகிற பேச்செல்லாம் அங்கே எங்கே போயிற்று?

கடைசியில் அவர் முகம் தெளிந்தது. சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது.

“கொஞ்சம் ஜலம் கொண்டு வரட்டுமா?”

மாமி அவரையே பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபம் இருந்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“போறும்” என்றாள்.

அண்ணா திரும்பிப் போகிறபோது அவளும் கூடவே போய்விட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. வேலியோரம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் ஆத்துக்காரர் நல்லவர் மாதிரி இருக்கார், பேசப் பழக்கிக்கோ” என்றாள். டோங்கா தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் நின்றேன்.

ஸ்டேஷனுக்குப் போய் ரயிலேற்றிவிட்டு அவர் சாயங்காலம் திரும்பி வந்தார். குடையை வைத்தார், கோட்டைக் கழற்றினார். வெகு நேரம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். நான் விளக்கை ஏற்றிவிட்டு வெளியே வந்தபோது வேலியோரம் அவர் தலை தெரிந்தது. கையில் ஒரு பாட்டில், நிறையத் தண்ணீர், தக்கை போட்டு அழுத்தியிருந்தது.

“இரும்பு போயிடுத்து கொழந்தே” என்றார். “இதிலே வேற என்னமோ இருக்கு. உன் தம்பியை இன்னொரு தரம் பாக்கச் சொல்லறயா?”

பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.